தொட்டி லிட்டர மட்டும் பாத்து சில்லர் வாங்காதீங்க தம்பி

கேள்வி: அண்ணா, நான் திருச்சி. மொட்டை மாடில 50 சதவீத ஷேட்நெட் போட்டு என்எஃப்டி (மண்ணில்லாம, சேனல்ல உரத்தண்ணிய மெல்லிசா ஓட விட்டு வளக்கற முறை) வெச்சிருக்கேன், 13 அடி சேனல் 12, மொத்தம் 240 லெட்யூஸ். 500 லிட்டர் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, 90 வாட் சப்மெர்சிபிள் மோட்டார். டிசம்பர், ஜனவரில அருமையா வந்துச்சு. மார்ச் பிறந்ததும் வேர் பழுப்பாகி வழவழன்னு ஆகுது, மதியம் செடி துவண்டுடுது. தண்ணி காலைல ஆறரைக்கு 27 டிகிரி, மதியம் ஒரு மணிக்கு 33, மூணரைக்கு 35. தண்ணிய குளிர வெக்கற சில்லர் மெஷின் வாங்கலாம்னு பாத்தா, ஒரு கடைல 500 லிட்டருக்கு அரை எச்பி சில்லர் போதும்னு சொல்றாங்க. இன்னொருத்தர் ஒரு எச்பி வேணும்ங்கறார். மீன் தொட்டி வெச்சிருக்கற ஃப்ரெண்டு கால் எச்பியே தாராளம்ங்கறான். எதை வாங்குறது? வீட்ல பழைய ஒரு டன் ஏசி சும்மா கிடக்கு, அத சில்லரா மாத்த முடியுமா?

பதில்:

தம்பி, டெம்பரேச்சர மூணு வேளை எழுதி அனுப்பினீங்களே, அதுக்கே முதல்ல நன்றி, முக்காவாசி பேரு "தண்ணி சுடுது சார் என்ன பண்றது"ன்னு மட்டும் எழுதுவாங்க, சுடுதுன்னா எவ்வளவுன்னு திருப்பி கேட்டா கைய விட்டு பாத்தேன்னு பதில் வரும்.

மூணு பேரு மூணு சைஸ் சொல்றாங்கள்ல, அவங்க யாரும் பொய் சொல்லல. மூணு பேருமே தொட்டி எத்தனை லிட்டர்னுதான் பாத்திருக்காங்க, சிக்கலே அங்கதான் இருக்கு. 500 லிட்டர் தண்ணிய ஒரு தடவை குளிர வைக்கறது சில்லருக்கு பெரிய வேலையே இல்ல, எவ்வளவு சின்ன மெஷினா இருந்தாலும் நேரம் கொடுத்தா செஞ்சுடும். குளிர வெச்ச தண்ணிக்குள்ள ஒவ்வொரு மணி நேரமும் வெளியிலேருந்து சூடு வந்துட்டே இருக்கும், அத வர்ற வேகத்துக்கு வெளிய தூக்கி போட்டுட்டே இருக்கறதுதான் அதோட நிஜ வேலை. அந்த சூடு எவ்வளவு வருதுங்கறது தொட்டி லிட்டர பொறுத்தது இல்ல, உங்க சேனல் எத்தனை மீட்டர், தொட்டி எங்க நிக்குது, என்ன கலரு, வெயில் எவ்வளவு படுது, தண்ணிய எத்தனை டிகிரில வெக்க நினைக்கறீங்க, இதையெல்லாம் பொறுத்தது. ஃப்ரெண்டோட மீன் தொட்டி ஃபேன் ஓடற ஹால்ல நிக்குது, ரூம் 30 டிகிரி, தண்ணி 26 இருந்தா மீனுக்கு போதும், வித்தியாசம் வெறும் நாலு டிகிரி, மேல ஒரு துளி வெயில் கிடையாது. அங்க கால் எச்பி தாராளம்தான். உங்களுக்கு 38, 40 டிகிரி காத்துல 48 மீட்டர் பிளாஸ்டிக் சேனல் படுத்து கிடக்கு.

இப்ப உங்க ரீடிங்க எடுத்துக்குவோம். ஒரு லிட்டர் தண்ணிய ஒரு டிகிரி ஏத்த 4.186 கிலோஜூல் வேணும், அத மணிக்கணக்குல மாத்தினா ஈஸியா ஒரு கணக்கு கிடைக்கும்: லிட்டர், மணிக்கு எத்தனை டிகிரி ஏறுது, 1.16, இந்த மூணையும் பெருக்கினா உள்ள வர்ற சூடு வாட்ல வந்துடும். காலைல ஆறரைலேருந்து மதியம் ஒண்ணு வரைக்கும் ஆறரை மணி நேரத்துல 6 டிகிரி ஏறியிருக்கு, மணிக்கு 0.92 டிகிரி, 500 லிட்டருக்கு சுமார் 535 வாட். கடைக்காரர் இந்த கணக்க போட்டுருந்தா, அரை எச்பி சில்லர் ஆயிரத்து சொச்சம் வாட் இழுக்குமே, டபுள் மடங்கு இருக்கே, அப்புறம் என்னன்னுதான் நினைச்சிருப்பார். நானும் ஒரு காலத்துல அப்படி நினைச்சவன்தான்.

ஆனா ஒண்ணு கவனிங்க, ஒரு மணிலேருந்து மூணரை வரைக்கும் ஏறினது வெறும் 2 டிகிரி. மணிக்கு 0.8. அதாவது வெயில் மண்டைய பொளக்கற நேரத்துல காலைல விட கம்மியா ஏறியிருக்கு! ஏன்னா அப்ப தண்ணியே 33, 34ல இருக்கு, சுத்தி இருக்கற காத்து 38, பெரிய வித்தியாசம் இல்ல, அதனால சூடு மெதுவாத்தான் உள்ள வருது, போதாததுக்கு சூடான தண்ணி ஆவியாகி கொஞ்சம் சூட்ட வெளியவும் விட்டுடுது. பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு வேகமாத்தான தண்ணி பாயும், சூடும் அப்படித்தான். நீங்க தண்ணிய 22க்கு இறக்கிட்டா அது பெரிய பள்ளம், அப்ப 38 டிகிரி காத்து நாலா பக்கமும் இருந்து பாஞ்சு வரும். 34ல மணிக்கு 0.8 டிகிரி ஏறின அதே தொட்டி 22ல மணிக்கு 4, 5 டிகிரி ஏறும். சைஸ் கணக்குல எல்லாரும் சறுக்கற இடம் இதுதான், சூடான தண்ணில எடுத்த ரீடிங்க வெச்சு குளிர்ந்த தண்ணிக்கு சில்லர் வாங்கறது.

2016ல சென்னைல ஒரு மாடிக்கு 300 லிட்டர் தொட்டின்னு கேட்டுட்டு, இதே மாதிரி கணக்கு போட்டு அரை எச்பி மாட்டிட்டு வந்தேன். மாட்டினது பிப்ரவரி கடைசி, சூப்பரா ஓடுச்சு, அவங்க வீட்ல காபியெல்லாம் கொடுத்தாங்க. ஏப்ரல் பாதில போன் வந்துச்சு, கம்ப்ரஸர் நிக்கவே மாட்டேங்குது, மதியம் தண்ணி 28க்கு கீழ இறங்கல, கரண்ட் பில்லு மட்டும் ஏறுதுன்னு. போய் பாத்தா மெஷின் மேல ஒரு குத்தமும் இல்ல, என் கணக்குதான் தப்பு. அத கழட்டி எடுத்துட்டு என் செலவுல பெருசு மாட்டி கொடுத்தேன். அதுலேருந்து ஐஸ் டெஸ்ட் பண்ணாம யாருக்கும் சைஸ் சொல்றது இல்ல.

அந்த ஐஸ் டெஸ்ட்ட நீங்களே பண்ணிடலாம், ஒரு அரை நாள் வேலை. அடுத்த அறுவடை முடிஞ்சு சேனல் காலியா இருக்கறப்ப, நல்லா வெயில் அடிக்கற ஒரு நாள் பாத்து, உரம் கலக்காத வெறும் தண்ணில பண்ணுங்க. தொட்டில 430 லிட்டர் மட்டும் வைங்க. மீன் மார்க்கெட் பக்கம் ஐஸ் பார் விக்கற இடத்துல ஒரு 60 கிலோ வாங்கிக்கோங்க, உடைச்சே கேளுங்க, உருகறது சீக்கிரம் ஆகும். மதியம் பதினொன்னே முக்காலுக்கு மோட்டார ஓட விட்டு, சேனல் எல்லாம் தண்ணி ஓடிட்டு இருக்கறப்பவே ஐஸ தொட்டில கொட்டுங்க. ஒரு கிலோ ஐஸ் உருகறதுக்கு மட்டும் 334 கிலோஜூல் எடுக்கும், உருகின அந்த தண்ணி 21 டிகிரி வரைக்கும் ஏற இன்னொரு 88, அதனால 60 கிலோ உங்க தண்ணிய 33லேருந்து 21 பக்கம் கொண்டு வந்துடும். ஒரு ஐஸ் துண்டு கூட பாக்கி இருக்க கூடாது, இருந்தா ரீடிங் பொய் சொல்லும். தொட்டிய நல்லா கலக்கி விட்டு, 21 டிகிரி காட்டினதும் நேரத்த எழுதுங்க, அப்புறம் பத்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை 25 வர்ற வரைக்கும் எழுதிட்டே வாங்க. இப்ப தொட்டில 490 லிட்டர் இருக்கும். 21லேருந்து 25க்கு ஏற 50 நிமிஷம் ஆச்சுன்னு வைங்க, மணிக்கு 4.8 டிகிரி, 490 லிட்டர், 1.16, பெருக்கினா 2,700 வாட் சொச்சம். அதுதான் உங்க மாடியோட உண்மையான லோடு. செடி வளந்துட்டா இலை சேனல் மேல நிழல் போடும், லோடு கொஞ்சம் குறையும், ஆனா நாத்து வெச்ச முதல் பத்து நாள் நிழல் கிடையாதே, அதனால காலி சேனல்ல வர்ற நம்பரையே வெச்சுக்கறதுதான் நல்லது. மார்க்கெட் ஐஸ்ல என்ன தண்ணி ஊத்தினாங்களோ தெரியாது, டெஸ்ட் முடிஞ்சதும் அந்த தண்ணிய கொட்டிட்டு தொட்டி, சேனல் எல்லாத்தையும் கழுவிடுங்க.

நீங்க சொன்ன அளவ வெச்சு நானும் ஒரு உத்தேச கணக்கு போட்டு பாத்தேன். ஒரு சேனல சுத்தி 30 சென்டிமீட்டர்னு வெச்சா 48 மீட்டருக்கு 14 சதுர மீட்டருக்கு மேல வருது, காத்து வழியா மட்டும் அதுல ஆயிரம் வாட் கிட்ட வரும். ஷேட்நெட்ட தாண்டி வர்ற வெயில் ஒரு 600. கறுப்பு தொட்டி, அதுவும் மொட்டை மாடி தளத்து மேலயே நேரா உக்காந்திருக்குன்னு நினைக்கறேன், அந்த தளம் கத்திரி வெயில்ல 50 டிகிரிக்கு மேல போகும், அங்க ஒரு 550. ரிட்டர்ன் பைப்பு 150. மோட்டாரு 90, அது தண்ணிக்குள்ளயே முங்கி இருக்கறதால எடுக்கற கரண்ட் முழுக்க சூடா தண்ணிலதான் இறங்கும், இத பல பேர் கணக்குலயே சேக்க மாட்டாங்க, அரை எச்பி சப்மெர்சிபிள போட்டு வெச்சுட்டு சில்லர் பத்தலன்னு சொன்ன ஆள எனக்கு தெரியும். எல்லாம் கூட்டினா 2.4 கிலோவாட் பக்கம் வருது. டெஸ்ட்ல 2.3லேருந்து 2.8க்குள்ள வந்தா ஆச்சரியப்பட மாட்டேன்.

இந்த நம்பர கடைக்காரர்கிட்ட கொண்டு போறதுக்கு முன்னாடி எச்பி விஷயத்த பேசிடுவோம், ஏன்னா அங்கதான் அடுத்த குழி. எச்பிங்கறது கம்ப்ரஸரோட சைஸு, குளிர்ச்சியோட அளவு இல்ல. ஒரே அரை எச்பின்னு போட்ட ரெண்டு மெஷின்ல ஒண்ணு ஆயிரம் வாட் இழுக்கும், இன்னொண்ணு ஆயிரத்து முன்னூறு இழுக்கும். ஸ்டிக்கர்ல போட்ட எச்பிய விட்டுட்டு நேம்பிளேட்லயோ கேட்டலாக்லயோ கூலிங் கெப்பாசிட்டி எத்தனை வாட், இல்ல எத்தனை பிடியு, அத கேளுங்க. பிடியுங்கறதும் சூட்டோட அளவுதான், மணிக்கு 3,412 பிடியு ஒரு கிலோவாட். டன்னுல சொன்னா ஒரு டன் 12,000 பிடியு, அதாவது 3.5 கிலோவாட். (டன்னுன்னா மெஷின் எடைன்னு இன்னும் நிறைய பேர் நினைக்கறாங்க. அந்த காலத்துல ஐஸ் பார வெச்சுத்தான குளிர வெச்சாங்க, 2,000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்துல உருகினா எவ்வளவு சூட்ட எடுக்குமோ அதுக்கு பேருதான் ஒரு டன். அதனால ஐஸ வெச்சு டெஸ்ட் பண்றது ஒண்ணும் நாட்டு வைத்தியம் இல்ல, இந்த தொழிலோட அளவுகோலே ஐஸுதான்.) கெப்பாசிட்டிய சொல்ல தெரியாம "இது 500 லிட்டர் மாடல் சார்"னு மட்டும் சொல்ற கடைல வாங்காதீங்க.

சரி, கேட்டலாக்ல 2,400 வாட்னு போட்டுருந்தா உங்க மாடில 2,400 கிடைக்குமா, கிடைக்காது. அந்த நம்பர இதமான காத்துல டெஸ்ட் பண்ணி போட்டுருப்பாங்க, எத்தனை டிகிரி காத்து, எத்தனை டிகிரி தண்ணின்னு பக்கத்துலயே பொடி எழுத்துல இருக்கும், இல்லன்னா கேட்டு வாங்குங்க. 40 டிகிரி மாடி காத்துல கண்டென்சரால சூட்ட வெளிய தள்ள முடியாம திணறும், இழுக்கற அளவு குறையும், எடுக்கற கரண்ட் கூடும். நான் திருச்சி, மதுரை, வேலூர் மாதிரி ஊருக்கு கேட்டலாக் நம்பர்ல கால் பாகத்த கழிச்சுத்தான் கணக்கு பண்ணுவேன். அப்ப 2.4 கிலோவாட் லோடுக்கு 3.2, கொஞ்சம் கைகாவல் சேத்தா 3.6 கிலோவாட் மெஷின் வேணும். அது அரை எச்பியும் இல்ல ஒரு எச்பியும் இல்ல, ஒன்றரை எச்பி பக்கம் போயிடும். மூணு பேரு சொன்னதுமே பத்தாது!

பயந்துடாதீங்க, நான் உங்கள ஒன்றரை எச்பி வாங்க சொல்லல. மெஷின பெருசாக்கறதுக்கு முன்னாடி லோடு எங்கெல்லாம் வருதுன்னு பாத்து அடைக்கணும், அதுக்கு ஆகற செலவு மெஷின் விலைல ஒரு ஓரத்துக்கு கூட வராது. தொட்டிய தளத்துலேருந்து தூக்குங்க, மரப்பலகை மேல ரெண்டு இஞ்ச் தெர்மோகோல் போட்டு அதுமேல வைங்க, சுத்தியும் மூடிக்கும் அதே தெர்மோகோல் கட்டி வெளில வெள்ளை ஷீட்டோ வெள்ளை பெயின்ட்டோ அடிச்சுடுங்க. மாடிப்படி ரூம் நிழல்ல வெக்க இடம் இருந்தா இன்னும் விசேஷம். 550 வாட்டு நூறுக்கு வந்துடும். ஏசி பைப்புக்கு சுத்துவாங்களே கறுப்பு ஃபோம், அத ரிட்டர்ன் பைப்பு, சப்ளை பைப்பு எல்லாத்துக்கும் போடுங்க, ஆனா வெயில்ல அது ரெண்டே வருஷத்துல பொடியா உதிரும், மேல வெள்ளை டேப் சுத்தணும். சேனல் அடியிலயும் பக்கவாட்டுலயும் மெல்லிசு ஃபோம் ஷீட் ஒட்டினா பலன் நல்லா தெரியும், ஏன்னா தண்ணி படலம் ஓடறது சேனலோட அடிப்பக்கத்துலதான். பதினொன்னுலேருந்து நாலு வரைக்கும் இன்னொரு லேயர் ஷேட்நெட்ட இழுத்து விடற மாதிரி கம்பி கட்டிக்கோங்க, நாலு மணிக்கு மேல மறக்காம திறந்துடணும், இல்லன்னா செடி வெளிச்சத்த தேடி நெட்டையா வளந்து நிக்கும்.

அப்புறம் எத்தனை டிகிரின்னு முடிவு பண்றதுலயும் காசு இருக்கு. இன்டர்நெட்ல 18 டிகிரின்னு படிச்சுட்டு 18 வெச்சே ஆகணும்னு நிக்கறவங்க இருக்காங்க, அது குளிர் நாட்டு கண்ணாடி வீட்டு கணக்கு. லெட்யூஸுக்கு 22லேருந்து 24க்குள்ள வெச்சாலே வேரு வெள்ளையா இருக்கும், 25 தாண்ட விடாதீங்க, அவ்வளவுதான். 20 டிகிரி தண்ணில லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30ல ஏழரை, 35ல 7க்கும் கீழ. வித்தியாசம் சின்னதாத்தான் தெரியும், ஆனா சூடு பத்து டிகிரி ஏறினா வேரு மூச்சு விடறது கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும், தேவை டபுள் ஆகற நேரத்துல வரத்து குறையுது, அந்த மூச்சு முட்டல்ல பித்தியம்னு பூஞ்சை மாதிரி ஒரு கிருமி உள்ள பூந்துடும், அதுல சூடு பிடிச்ச வகைக்கு 30 டிகிரிக்கு மேலதான் கொண்டாட்டமே. நீங்க சொன்ன பழுப்பு, வழவழப்பு எல்லாம் அதோட வேலையாத்தான் இருக்கும். அழுகின வேர சில்லர் திருப்பி தராது, அந்த செடிகள தூக்கி போட்டுட்டு சேனல், தொட்டி எல்லாத்தையும் பிளீச்சிங் போட்டு கழுவி அலசிட்டுத்தான் அடுத்த செட் வெக்கணும்.

சுத்தி அனலா இருக்கறப்ப வேர மட்டும் குளிர வெச்சு என்ன பிரயோஜனம்னு தோணலாம். சிங்கப்பூர்ல 1990கள்லயே இத ஆராய்ச்சி பண்ணி பாத்துட்டாங்க, மேல இலை வெப்பமண்டல சூட்லயே நிக்க, வேருக்கு மட்டும் 20 டிகிரில உரத்தண்ணிய தெளிச்சு லெட்யூஸ் வளத்தாங்க, வேரு சூட்லயே விட்ட செடிய விட அது நல்லா வந்துச்சு. அதனால மாடி முழுக்க ஏசி போட வேண்டியதில்ல.

இவ்வளவும் பண்ணின பிறகு திரும்ப ஒரு 60 கிலோ ஐஸ் வாங்கி அதே டெஸ்ட்ட போடுங்க. என் கணக்குப்படி லோடு 1.5 கிலோவாட் பக்கம் இறங்கணும். கால் பாகம் கழிவுக்கு 2.0, கைகாவலோட 2.3 கிலோவாட். இப்ப ஒரு எச்பி மெஷின் கரெக்டா உக்காருது. அதனால உங்க கேள்விக்கு நேரடி பதில், தொட்டிய இப்ப இருக்கற மாதிரியே விட்டா ஒரு எச்பியும் தோக்கும், போர்த்திட்டா ஒரு எச்பி, கேட்டலாக்ல 2,300 வாட்டுக்கு குறையாம இருக்கறது.

அரை எச்பிய வெச்சும் ஓட்ட ஒரு வழி இருக்கு, அது பெரிய தொட்டி. லோடு மதியம் அஞ்சு மணி நேரம்தான் உச்சத்துல இருக்கு, ராத்திரி ரொம்ப கம்மி. இன்னொரு ஆயிரம் லிட்டர் தொட்டிய நல்லா போர்த்தி சேத்துட்டா மொத்தம் 1,500 லிட்டர், ராத்திரி பூரா சின்ன மெஷின் மெதுவா ஓடி விடியறதுக்குள்ள 20க்கு கொண்டு வந்துடும், சாயங்காலத்துக்குள்ள அது 25 வரைக்கும் ஏறட்டும்னு விட்டா அந்த அஞ்சு டிகிரில மட்டும் எட்டரை யூனிட்டுக்கு (ஒரு யூனிட்டுன்னா ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம்) மேல குளிர்ச்சி சேமிப்பு இருக்கு, மதிய உச்சிக்கு அது போதும். ராத்திரி காத்து குளிர்ச்சியா இருக்கறதால மெஷினும் சொகுசா ஓடும், மதியம் ஒரு மணி நேரம் கரண்ட் போனாலும் தாங்கும். எனக்கு பிடிச்ச முறை இது. ஆனா ஆயிரம் லிட்டருன்னா மாடி மேல இன்னொரு டன் எடை, பீம் எங்க ஓடுதுன்னு தெரியாம வெக்க கூடாது, வீடு கட்டின மேஸ்திரிகிட்டயோ இன்ஜினியர்கிட்டயோ கேட்டுட்டுத்தான் வெக்கணும், ஒவ்வொரு தடவையும் 1,500 லிட்டருக்கு உரம் கலக்கற செலவும் இருக்கு. 240 செடிக்கு அது அதிகம், நான் உங்க இடத்துல இருந்தா ஒரு எச்பிக்கே போவேன். ஆயிரம் செடிக்கு மேல வெக்கற ஐடியா இருந்தா சொல்லுங்க, வேற மாதிரி பேசலாம்.

ரொம்ப பெருசா வாங்கிட்டா கெடுதலான்னு அடுத்து கேப்பீங்க. சின்ன தொட்டில கெடுதல், மெஷின் ரெண்டு நிமிஷம் ஓடி நிக்கும், திரும்ப ஓடும், கம்ப்ரஸர் சீக்கிரம் போயிடும். உங்க 500 லிட்டருக்கு அந்த பயம் பெருசா இல்ல, கண்ட்ரோலர்ல மெஷின் நிக்கற டிகிரிக்கும் திரும்ப கிளம்பற டிகிரிக்கும் வித்தியாசத்த ஒரு டிகிரின்னு செட் பண்ணிட்டா போதும், நஷ்டம் காசுல மட்டும்தான்.

மெஷின மாட்டறப்ப கண்டென்சர் காத்து வெளிய போற பக்கம் திறந்த வெளியா இருக்கணும், மாடிப்படி ரூமுக்குள்ள பூட்டி வெச்சா தான் விட்ட அனல தானே இழுத்துட்டு நின்னுடும். தொட்டிய நிழல்ல வைங்க, மெஷினுக்கு நிழலும் வேணும் காத்தும் வேணும். சில்லருக்கு தனி மோட்டார், தொட்டிலேருந்து எடுத்து தொட்டிக்கே விடணும், சேனல் லைன்ல சேக்காதீங்க. எடுக்கறது ஒரு மூலை, விடறது எதிர் மூலை. முன்னாடி ஒரு ஃபில்டர் கட்டாயம், வேர் துணுக்கும் பாசியும் உள்ள போய் அடைச்சா அவ்வளவுதான். மாட்டின அன்னிக்கே நிறைய பேர் எனக்கு போன் பண்ணி "அண்ணா உள்ள போற தண்ணியும் வெளிய வர்ற தண்ணியும் ஒரே மாதிரி இருக்கு, மெஷின் வேலை செய்யல"ம்பாங்க. மணிக்கு 1,200 லிட்டர் ஓடறப்ப ரெண்டு கிலோவாட் மெஷின் ஒரு சுத்துக்கு ஒன்றரை டிகிரிதான் குறைக்கும், கைக்கு தெரியாது, தெர்மாமீட்டருக்குத்தான் தெரியும். அந்த ஒன்றரை டிகிரி நாள் பூரா சுத்தி சுத்தி வரும்.

கரண்டுக்கு வருவோம். போர்த்தின சிஸ்டத்துல ஒரு நாளைக்கு உள்ள வர்ற மொத்த சூடு ஒரு 17 யூனிட்டுன்னு வைங்க, மெஷின் ஒரு யூனிட் கரண்ட எடுத்து ரெண்டரை யூனிட் சூட்ட தள்ளும், அப்ப தினம் 7 யூனிட் கிட்ட ஓடும். ரெண்டு மாச பில்லுல 420 யூனிட் கூடும், வீட்டு உபயோகத்தோட சேந்தா நிச்சயம் 500 தாண்டும், தாண்டினா ஸ்லாபே மாறிடும்னு உங்களுக்கே தெரியும். இன்னொரு விதமா பாத்தா, 35 நாள் பயிருக்கு 245 யூனிட், உங்ககிட்ட 240 செடி, ஆக ஒரு லெட்யூஸுக்கு ஒரு யூனிட் கரண்ட். ஹோட்டலுக்கோ கடைக்கோ நல்ல விலைக்கு போகுதுன்னா அது ஒண்ணுமே இல்ல. வீட்டு சாலட்டுக்கும் அக்கம்பக்கம் கொடுக்கறதுக்கும்தான்னா, தம்பி, ஏப்ரல்லேருந்து ஜூலை வரைக்கும் லெட்யூஸ விட்டுட்டு அதே சேனல்ல தண்டுக்கீரை, வள்ளல் கீரை, துளசி மாதிரி இருக்குமே பேசில், அது எல்லாம் வெச்சு பாருங்க, சூடு தாங்கற ஜாதி அதெல்லாம், தொட்டிய மட்டும் போர்த்திட்டா போதும், சில்லரே வேண்டாம்.

மண்பானை தத்துவம், கூலர் பேட்ல தண்ணிய ஓட விடறது இதெல்லாம் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், ஆவியாகி குளிர்ற முறை எதுவும் காத்தோட ஈரபல்பு டெம்பரேச்சருக்கு (ஈரத்துணி சுத்தின தெர்மாமீட்டர் காத்துல காட்டற அளவு) கீழ போகாது, சென்னை மாதிரி கடற்கரை ஊர்ல கோடைல அதுவே 27, 28 பக்கம் நிக்கும். உள் மாவட்டத்துல காத்து வறண்டு இருக்கற நாள்ல பரவாயில்லாம இருக்கும், ஆடில கொஞ்சம் ஈரம் கூடினாலும் கைவிட்டுடும். பூமிக்கடியில பைப்ப புதைக்கறதும் அப்படித்தான், நம்ம ஊரு மண்ணு ரெண்டு மீட்டர் ஆழத்துலயும் 28, 29ல இருக்கும், 22 வரவே வராது.

அந்த பழைய ஏசி. மாத்தலாம், நல்ல மெக்கானிக் கிடைச்சா ஒரு டன் ஏசி உங்களுக்கு தாராளமா பத்தும், ஆனா உள்ள இருக்கற காப்பர் காயில அப்படியே தொட்டிக்குள்ள முக்கற வேலைய மட்டும் யாராவது சொன்னா கேக்காதீங்க. உங்க உரத்தண்ணி பிஎச் ஆறு பக்கம், உப்பு கரைஞ்ச தண்ணி, காப்பர கொஞ்சம் கொஞ்சமா அரிக்கும். செடிக்கு காப்பர் தேவைதான், அது லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் மாதிரி தூசு அளவு, அதுக்கு மேல பல மடங்கு ஏறினா வேரு நுனி கருகி வளர்ச்சியே நின்னுடும், நீங்க திரும்ப பூஞ்சைன்னு நினைச்சு மருந்த தேடுவீங்க. காயில் டைட்டானியமா இருக்கணும், இல்லன்னா எஸ்எஸ் 316ங்கற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஏசியோட கம்ப்ரஸரையும் கண்டென்சரையும் வெச்சுக்கிட்டு எஸ்எஸ் 316 காயில் வளைச்சு மாட்டி கேஸ் சார்ஜ் பண்ற ஆளுங்க இருக்காங்க, அப்படி ஒருத்தர் கையில இருந்தா பண்ணுங்க, அந்த காயில்ல ஒரு பொத்தல் விழுந்தா தண்ணி கம்ப்ரஸருக்குள்ள போய் மொத்தமும் போச்சுங்கறதையும் மனசுல வெச்சுக்கோங்க. புதுசு வாங்கினாலும் முதல் கேள்வி காயில் எதுல செஞ்சதுன்னுதான் இருக்கணும்.

இன்னொண்ணு, நீங்க எழுதவே இல்ல, மோட்டாருக்கு இன்வெர்ட்டர் இருக்கா? என்எஃப்டில தண்ணி நின்னா இந்த வெயில்ல ஒரு மணி நேரம் கூட வேரு தாங்காது. வீட்டு இன்வெர்ட்டர் ஒரு எச்பி கம்ப்ரஸர கிளப்பாது, அதுல சில்லர போட பாக்காதீங்க, 90 வாட் மோட்டார மட்டும் அதுல மாத்துங்க. காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா முதல்ல அது, அப்புறம் தெர்மோகோல், சில்லர் மூணாவது.

இந்த அறுவடை முடிஞ்சதும் ஐஸ் டெஸ்ட்ட போட்டுட்டு பத்து நிமிஷ ரீடிங் எல்லாத்தையும் எழுதி அனுப்புங்க, அந்த நேரத்து காத்து டெம்பரேச்சரும் வேணும், கடைக்காரர் காட்டற மெஷினோட நேம்பிளேட்டையும் ஒரு போட்டோ எடுத்து சேத்து விடுங்க. அதுவரைக்கும் அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க.